வலவன் நிற்கும் இடம்

நுழையும்முன்

வானில் பறப்பது பொறி. அதனைப் பறக்கவிடுபவர் மனிதர். இவ்விருவருக்கும் இடையிலான தொலைவு கூடக்கூடப் பொறுப்பும் தொலைந்துபோக வேண்டுமா? தேனி மாவட்டத்து ஏலமலைச் சரிவுகளை முன்வைத்து, தொலைவிலிருந்து இயக்கப்படும் வானூர்திகளைப் பற்றி, சிறப்பாக மிகுவிரைவு ஜெட் ஊர்திகளைப் பற்றி, இக்கேள்வியை எழுப்புகிறது இக்கட்டுரை.

மலைச்சாலையும் மலைவானமும்

போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடையே சிலமலை என்னும் சிற்றூர் உள்ளது. ஊரின் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. அச்சுவரின் உச்சியிலும் மறுபுறத்திலும் ஏலத்தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. விடியுமுன் போடியிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு நோக்கி மேலேறுகின்றன. பொழுது சாயும் வேளையில் இறங்குகின்றன. அம்மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநர் ஒலியெழுப்பித் திரும்புவார். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடும். எந்தக் காவலரும் நின்று பார்ப்பதில்லை. ஆயினும் இவ்வொழுங்கு பெரும்பாலும் காக்கப்படுகிறது. வளைவில் பிழை நேர்ந்தால் முதலில் பள்ளத்தில் போவது தம் உயிரே என்பதை ஓட்டுநர் ஒவ்வொருவரும் அறிவர். அவ்வறிவைக் காட்டிலும் வலிய சட்டம் மலைச்சாலையில் இல்லை.

சாலைக்கு மேலுள்ள வானத்தின் நிலை வேறு. அங்கே வளைவு இல்லை, பலகை இல்லை, எதிரே வருவோரைக் காட்டும் விளக்கொளியும் இல்லை. அவ்வானத்தில் இன்று படமெடுக்கும் ட்ரோன்கள் பறக்கின்றன. மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் பறக்கின்றன. நாளை அவற்றைவிடப் பன்மடங்கு விரைவுடைய ஊர்திகளும் பறக்கக்கூடும். அவை எவற்றிலும் ஓட்டுநர் அமர்ந்திருப்பதில்லை.

ஓட்டுநரைக் குறிக்கப் பழந்தமிழில் ‘வலவன்’ என்றொரு சொல் உண்டு. வலவன் செலுத்தாத வானவூர்தி ஒன்றைப் பற்றிப் புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பேசுகிறார். இதனை எடுத்துக்காட்டி, ஆளில்லா விமானத்தைத் தமிழர் அன்றே செய்து பறக்கவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். புலவர் அங்கே பொறியியல் பேசவில்லை. புகழுடன் வாழ்ந்தோர் அடையும் மேலுலகப் பேற்றைப் பேசினார். அப்பாடலுக்கு இல்லாத பெருமையை ஏற்றிக்கூற வேண்டியதில்லை. இருக்கும் பெருமையே அதற்குப் போதும். எனினும் அப்பழஞ்சொல் இன்றைய சிக்கலை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுகிறது. இன்று நாம் ஆளில்லா ஊர்தி என்று அழைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வலவன் உண்டு. அவர் ஊர்தியை விட்டு இறங்கித் தரையில் நிற்கிறார், அவ்வளவே. ஊர்தி நொறுங்கினாலும் அவர்மேல் ஒரு கீறல் விழாது. போடிமெட்டு ஓட்டுநரின் கையைக் காக்கும் அச்சம் இவரிடம் இல்லை. தொலைவிலிருந்து இயங்கும் எல்லா ஊர்திகளின் இடரும் இந்த ஓரிடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு யானைகள்

2023ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தேனி மாவட்டத்தின் கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் என்னும் காட்டு யானை புகுந்தது. கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டிருந்த யானை அது. தெருக்களில் அலைந்த யானை பின்னர் ஒரு புளியந்தோப்பில் ஒதுங்கி நின்றது. நகர மக்கள் வீட்டுக்குள் இருக்க, வனத்துறையினர் யானையின் ஒவ்வோர் அசைவையும் கண்காணித்துக்கொண்டிருந்தனர். அந்நேரத்தில், படமெடுக்கும் ஆவலில் ஒருவர் இசைவு எதுவும் பெறாமல் ஒரு ட்ரோனை யானையின் அருகே பறக்கவிட்டார். ஓசை கேட்டு மிரண்ட யானை தோப்பை விட்டு ஓடத் தொடங்கியது. ட்ரோனைப் பறக்கவிட்டவரைக் காவல்துறையினர் கைது செய்தனர். அந்நாட்களில் யானையால் காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். அவ்விறப்பையும் ட்ரோனையும் முடிச்சிட்டுப் பேசுவது நேர்மை ஆகாது. ஆயினும், மிரண்டோடும் யானை ஒரு நகருக்குள் எதைச் செய்யவல்லது என்பதற்கு அது சான்று.

யானை மிரண்டதில் வியப்பில்லை. தேனீக்களின் ரீங்காரத்தைக் கேட்டால் யானைக் கூட்டம் விலகி ஓடும் என்பது கென்யாவில் நடந்த ஆய்வுகளால் அறியப்பட்ட உண்மை. ட்ரோனின் விசிறிகள் எழுப்புவதும் அதையொத்த இரைச்சல்தான். ஆப்பிரிக்காவில் வயல்களில் புகும் யானைகளை விரட்டுவதற்கே ட்ரோன்களைப் பயன்படுத்திப் பார்த்துள்ளனர். கம்பத்தில் ட்ரோனை எழுப்பியவர் இதனை அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆனால், அறியாத ஒன்றைச் செய்யுமுன் அறிந்தவரைக் கேட்டிருக்கலாம். வனத்துறையினர் அங்கேயேதான் நின்றிருந்தனர்.

அதே ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், தாயைப் பிரிந்து தவித்த குட்டி யானை ஒன்றை வனத்துறையினர் கண்டனர். ட்ரோனின் துணையாலும், காட்டை நன்கறிந்த களப்பணியாளர்களின் துணையாலும் யானைக்கூட்டம் நின்ற இடத்தைக் கண்டறிந்து குட்டியை அங்கே சேர்த்தனர். பின்னர், தாயின் அணைப்பில் குட்டி உறங்கும் ஒளிப்படம் நாடெங்கும் பரவியது. அங்கே ட்ரோனைப் பறக்கவிட்டவர்க்கு ஒரு நோக்கம் இருந்தது, இசைவு இருந்தது, எவ்வளவு தொலைவில் நிறுத்த வேண்டும் என்னும் தெளிவு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிழை நேர்ந்தால் விடை சொல்ல வேண்டியவர் யார் என்பது எல்லார்க்கும் தெரிந்திருந்தது.

விரைவு சேரும்போது

இதுவரை கூறியவை நான்கு விசிறிகளால் எழுந்து, நினைத்த இடத்தில் அசையாது நிற்கவல்ல ட்ரோன்களைப் பற்றியவை. ஜெட் பொறி பூட்டிய மாதிரி விமானம் இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. ஒரு கையளவு உருளைக்குள் காற்றை அழுத்தும் சக்கரமும், எரிகலனும், சுழலியும் அடங்கிய பொறி அது. மண்ணெண்ணெயோடு சிறிதளவு மசகு எண்ணெய் கலந்த எரிபொருளில் இயங்குவது. அதன் அச்சு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். பின்புறம் வெளிப்படும் வளி தொட்டதைக் கருக்கும் வெப்பமுடையது. இத்தகைய மாதிரி ஜெட் ஒன்று 2017ஆம் ஆண்டு ஜெர்மனியில் மணிக்கு 749 கிலோமீட்டர் விரைவை எட்டி உலகச் சாதனை படைத்தது. பயணியர் விமானத்தின் விரைவுக்குச் சற்றே குறைவு. ஆனால் அதனை இயக்கியவர் கால் பதித்து நின்றதோ தரையில்.

சாதனையை விடுப்போம். பொழுதுபோக்காகப் பறக்கவிடப்படும் ஜெட்டுகளுக்கு மணிக்கு 300 கிலோமீட்டர் என்பது எட்ட முடியாத விரைவு அன்று. அவ்விரைவில் ஊர்தி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 83 மீட்டர் செல்லும். 12 நொடிகளில் ஒரு கிலோமீட்டரைக் கடந்துவிடும். இரண்டு மீட்டர் இறக்கையுடைய ஊர்தி ஒரு கிலோமீட்டர் தொலைவில், கைநீட்டிப் பிடித்த கடுகினும் சிறியதாகத் தோன்றும். அது தம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதே இயக்குபவர்க்கு விளங்காது. ஊர்தி எதிர்நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். பதறிய கை தவறான பக்கம் திருப்பும். ட்ரோனை இயக்குபவர் குழம்பினால் விசைகளை விட்டுவிடலாம். அது நின்ற இடத்தில் நிற்கும். ஜெட்டுக்கு நிற்றல் என்பதே கிடையாது. விரைவு குறைந்தால் அது விழும். விரைவைக் கூட்ட நினைத்தாலும் பொறி உடனே பணியாது. அதன் சுழற்சி ஏறச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளில் நூற்றுக்கணக்கான மீட்டர்கள் கழிந்துவிடும்.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் பயிலும் இயக்க ஆற்றலை இங்கே நினைவுகூரலாம். அது நிறைக்கு நேர்விகிதத்தில் கூடும். விரைவுக்கோ அதன் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் 2 கிலோகிராம் ட்ரோனையும், மணிக்கு 300 கிலோமீட்டரில் செல்லும் 10 கிலோகிராம் ஜெட்டையும் ஒப்பிடுக. நிறை ஐந்து மடங்கு. விரைவு ஐந்து மடங்கு. ஆற்றலோ 125 மடங்கு. வண்டியும் ஆளுமாக 200 கிலோகிராம் கொண்ட ஒரு மோட்டார் சைக்கிள் மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்து மோதினால் வெளிப்படும் ஆற்றலைவிட அது மிகுதி. அம்மோட்டார் சைக்கிளை ஓட்ட உரிமம் வேண்டும், எண் பலகை வேண்டும், காப்பீடு வேண்டும், தலைக்கவசம் வேண்டும்.

இந்தியாவுக்கு மிகுவிரைவு ஆளில்லா ஜெட் புதியதன்று. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் பெங்களூரு ஆய்வகம் உருவாக்கிய ‘லக்‌ஷ்யா’, 2000ஆம் ஆண்டில் படைகளில் சேர்க்கப்பட்டது. படைவீரர்கள் சுட்டுப் பழகுவதற்கான வான் இலக்கு அது. அதன் பின்வந்த ‘அப்யாஸ்’ என்னும் ஊர்தியும் அப்பணிக்கே உரியது. ஒடிசாவின் சாந்திப்பூர் கடற்கரையில் இவை சோதிக்கப்படும்போது, பறக்கும் பாதை கடலின் மேல் வகுக்கப்படுகிறது. வானூர்திகளும் கப்பல்களும் விலகியிருக்க முன்னறிவிப்பு விடப்படுகிறது. ராடார்கள் ஊர்தியைப் பின்தொடர்கின்றன. பணி முடிந்த லக்‌ஷ்யா வான்குடை விரித்துக் கடலில் இறங்கும். இத்துணை அறிவியலாளரும் கருவிகளும் சூழ்ந்திருந்தும், இவ்வளவு விரைவான பொருளை ஊருக்கு மேல் பறக்கவிட எவரும் துணிவதில்லை. அரசே இவ்வளவு விழிப்போடு செய்யும் ஒன்றை, ஒரு தனியாள் ஊரோரத்துப் பொட்டலில் விளையாட்டாகச் செய்துவிட முடியும் என்பதுதான் இன்றைய நிலையின் விந்தை.

சரிவு செய்யும் கணக்கு

சமவெளிக்கென எழுதப்பட்ட விதி மலையில் தடுமாறுவதுண்டு. ட்ரோன் விதிகளின்படி, பச்சை மண்டலம் எனக் குறிக்கப்பட்ட இடங்களில் பொதுவாக 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் உயரம்வரை முன்னிசைவின்றிப் பறக்கவிடலாம். விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் இவ்வுயரம் குறையும். இந்த உயரம் ஊர்திக்கு நேர்கீழே உள்ள நிலத்திலிருந்து அளக்கப்பட வேண்டியது. ஆனால் இயக்குபவரின் கையிலுள்ள திரை பெரும்பாலும் காட்டுவது, ஊர்தி எழுந்த இடத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையே.

போடிமெட்டுச் சாலையோரத்தில் ஒருவர் நின்று ஊர்தியை 50 மீட்டர் எழுப்புகிறார் என்று கொள்வோம். அங்கிருந்து பள்ளத்தாக்கை நோக்கி நேர்கிடையாக 200 மீட்டர் செலுத்துகிறார். சரிவு முப்பது பாகை எனில், அதற்குள் நிலம் ஏறத்தாழ 115 மீட்டர் கீழே போய்விட்டது. திரையில் உயரம் 50 மீட்டர் என்றே நிற்கும். உண்மையில் ஊர்தி நிலத்திலிருந்து 165 மீட்டர் உயரத்தில் உள்ளது. இயக்குபவர் விதியை மீறிவிட்டார். மீறியது அவர்க்கே தெரியாது. ஜெட்டாக இருப்பின் இம்மீறலுக்கு மூன்று நொடியும் தேவையில்லை.

மலை இன்னொரு வகையிலும் ஏமாற்றும். தொலையியக்கியின் வானொலி அலைகள் பாறை முகட்டைத் துளைத்துச் செல்லா. ஊர்தி ஒரு முகட்டுக்குப் பின்னே சென்றதும் தொடர்பு அறுந்துவிடலாம். பல ட்ரோன்கள் அந்நிலையில் முன்பே குறித்த உயரத்துக்கு எழுந்து, புறப்பட்ட இடத்துக்கு நேர்கோட்டில் திரும்பும். நடுவே நிற்கும் முகடு அவ்வுயரத்தைவிட மேலானதாக இருந்தால், வீடு திரும்பும் வழியே மோதும் வழியாகிவிடும். ஜெட்டுகளில் தொடர்பு அறுந்தால் பொறி அணைந்துவிடும்படி அமைப்பதே நல்ல வழக்கம். அது ஊருக்குப் பாதுகாப்பு. ஆனால் அணைந்த ஊர்தி எங்கேயாவது விழுந்துதான் ஆக வேண்டும். எரிபொருள் மிஞ்சிய கலனோடு காய்ந்த புல்லில் விழுந்தால் என்ன ஆகும்?

குரங்கணியை அறிந்தவர்க்கு

போடி வட்டாரத்தில் இக்கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீயில், மலையேற்றத்துக்கு வந்திருந்தோர் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காற்றும் சரிவும் சேர்ந்தால் புல்வெளித் தீ மனிதரின் ஓட்டத்தை எளிதில் முந்திவிடும் என்பதை அன்று தமிழகம் கண்டது. முதலில் மலையேறி ஓடியவர்கள் சுற்றியிருந்த சிற்றூர்களின் மக்கள். வனத்துறையினரும் காவல்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் உடன் சேர்ந்தனர். தீக்காயமுற்றவர்களை இருளில் சுமந்து இறக்கினர். இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் மீட்புக்கு வந்தன.

அந்த ஹெலிகாப்டர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளத்தாக்கில் புகை, கீழே பாறை, தாழப் பறந்து இடம் தேட வேண்டிய கட்டாயம். அவ்வேளையில் ஆர்வலர் ஒருவரின் ட்ரோன் குறுக்கே வந்தால், ஹெலிகாப்டர் ஓட்டுநர் பின்வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இது கற்பனை அன்று. 2025ஆம் ஆண்டு ஜனவரி 9 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரையொட்டி எரிந்த பாலிசேட்ஸ் காட்டுத்தீயை அணைக்க, கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து வந்திருந்த நீர்வாரி விமானம் ஒன்று பாடுபட்டுக்கொண்டிருந்தது. தீயைப் பார்க்கும் ஆவலில் ஒருவர் ஏவிய சிறு ட்ரோன் அதன் இறக்கையில் மோதித் துளையிட்டது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால், தீ மூண்டெரிந்த நாட்களில் அது பழுதுபார்க்கப்படுவதற்காக நிறுத்தப்பட்டது. ட்ரோனை ஏவியவர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் அதைச் செலுத்தியபின் கண்பார்வையிலிருந்து தவறவிட்டிருந்தார். அவர் தீயவர் அல்லர். வேடிக்கை பார்த்தவர், அவ்வளவே. கம்பத்தில் ட்ரோனை எழுப்பியவரும் அத்தகையவரே. வலவன் தரையில் நிற்கும்போது வேடிக்கையும் ஆயுதமும் ஒன்றுக்கொன்று மிக அருகில் வந்துவிடுகின்றன.

முகமற்ற கை

தீய நோக்குடையோர் கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதையும் உலகம் கண்டிருக்கிறது. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில், பெரிய மாதிரி ஜெட் விமானங்களில் வெடிபொருள் ஏற்றி வாஷிங்டனின் அரசுக் கட்டடங்களைத் தாக்கத் திட்டமிட்ட ஓர் இளைஞர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கைதானார். மறு ஆண்டில் அவருக்குப் பதினேழு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அத்திட்டம் வானில் எழுமுன்னரே முறியடிக்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 2021 ஜூன் 27 அன்று, ஜம்மு விமானப்படைத் தளத்தின்மேல் ட்ரோன்கள் வெடிபொருள்களை வீசின. வீரர்கள் இருவர் இலேசான காயமுற்றனர். ஏவியவரின் முகத்தை எவரும் காணவில்லை.

முகம் தெரியாமை மற்றொரு தீங்கையும் விளைவிக்கும். 2018 டிசம்பரில், விமான ஓடுபாதையருகே ட்ரோன் தென்பட்டதாக வந்த செய்திகளால் இலண்டனின் கேட்விக் விமான நிலையம் முடங்கியது. ஏறத்தாழ ஆயிரம் விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. பண்டிகைக்குப் புறப்பட்ட ஏறத்தாழ ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பயணிகள் தவித்தனர். ஐயத்தின்பேரில் கைதான ஒரு தம்பதியர், தொடர்பில்லாதவர் எனப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். குற்றவாளி இறுதிவரை அகப்படவில்லை. ஏவியவர் இன்னார் என்று தெரியாதபோது ஐயம் அருகிலுள்ளவர்மேல் விழுகிறது. மாதிரி விமானம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஊராரின் பார்வையில் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் கேட்டவுடன், அனைத்தையும் தடைசெய்துவிடுக என்னும் குரல் எழும். அக்குரலின் அச்சம் நியாயமானது, தீர்வு நியாயமானதன்று. ஜம்மு தாக்குதல் நடந்த இரண்டே மாதங்களில், 2021 ஆகஸ்ட் 25 அன்று, இந்திய அரசு புதிய ட்ரோன் விதிகளை வெளியிட்டது. அவ்விதிகள் தடையை இறுக்கவில்லை. படிவங்களின் எண்ணிக்கையை 25இலிருந்து 5ஆகக் குறைத்தன. அதேவேளையில் தனி அடையாள எண், வான்மண்டல வரைபடம், இயக்குநர் சான்று ஆகியவற்றைக் கொண்டுவந்தன. யார் பறக்கவிடுகிறார் என்பது தெரிந்தால் நல்லவர் அஞ்ச வேண்டியதில்லை என்பதே அதன் உட்கருத்து. அது சரியான பாதை. மேலும், தடை என்பது சட்டத்துக்குப் பணிபவரை மட்டுமே தடுக்கும்.

இழப்பையும் எண்ண வேண்டும். சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்திலிருந்து புறப்பட்ட ‘தக்‌ஷா’ குழு, 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ உதவி ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் மாதிரி விமானம் செய்து பறக்கவிடுதல் இன்றும் பயிற்சியின் ஒரு பகுதி. சிலமலைத் தோட்டத்தில் தென்னைக்கு மருந்து தெளிக்க வரும் ட்ரோனை அண்ணாந்து பார்க்கும் மாணவி, நாளை அதைவிடச் சிறந்த ஒன்றை வடிவமைக்கக்கூடும். அவளிடம் ‘தொடாதே’ என்று மட்டும் சொல்லும் ஊர், வெளியூரார் செய்ததை விலைக்கு வாங்கும் ஊராகவே நின்றுவிடும்.

எடையும் விரைவும்

ஆயினும் இன்றைய விதிகளில் ஒரு குறை உண்டு. அவை ஊர்திகளை எடையால் வகுக்கின்றன: 250 கிராம்வரை நேனோ, 2 கிலோகிராம்வரை மைக்ரோ, 25 கிலோகிராம்வரை சிறியது என்று அவ்வரிசை செல்கிறது. மெல்லப் பறந்து மருந்து தெளிக்கும் 20 கிலோகிராம் ட்ரோனும், மணிக்கு 300 கிலோமீட்டரில் பாயும் 20 கிலோகிராம் ஜெட்டும் எடையளவில் ஒரே வகுப்பு. இருமடியாகப் பெருகும் விரைவை விட்டுவிட்டு எடையை மட்டும் தராசில் வைப்பது, ஏலக்காயின் தரத்தை மூட்டையின் கனத்தால் மட்டும் கணிப்பது போன்றது. போடி ஏலச் சந்தையில் அப்படிச் செய்பவர் ஒரு நாளும் பிழைக்க மாட்டார்.

விரைவுக்கென்று தனி வரம்பு வேண்டும். அமெரிக்காவில் மாதிரி விமான ஆர்வலர்களின் அமைப்பே தன் உறுப்பினர்க்கு இதனை விதித்துக்கொண்டுள்ளது: சுழலிப்பொறி ஊர்திகள் மணிக்கு 200 மைலைத் தாண்டலாகாது, அவற்றை இயக்க விரும்புவோர் தேர்ந்தவர் முன்னிலையில் பறக்கவிட்டுக் காட்டித் தனி இசைவு பெற வேண்டும், களத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். அரசு வற்புறுத்தும்வரை காத்திராமல் ஆர்வலர்களே வகுத்த ஒழுங்கு என்பதால் அது மதிக்கப்படுகிறது. இங்கும் அவ்வாறு தொடங்கலாம். ஜெட்டை இயக்குபவர் அருகில், வானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்கும் இரண்டாமவர் ஒருவர் கட்டாயம் இருத்தல் வேண்டும். காப்பீடு வேண்டும். ஊர்தியின் உடலில் அடையாள எண் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது இடம். மலைச்சரிவு இத்தகைய ஊர்திக்கு ஒருபோதும் ஏற்றதன்று. மேலே கூறிய கணக்கே அதற்குக் காரணம். மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் விலகி, வீடும் சாலையும் மின்கம்பியும் இல்லாத ஒரு திறந்தவெளியை மாவட்ட நிருவாகம் அடையாளங்கண்டு, பயிற்சிக்கென ஒதுக்கலாம். குறித்த நாளில், குறித்த நேரத்தில், பெயரைப் பதிந்து பறக்கவிடும் களமாக அது அமையட்டும். ஒளிந்து பறக்கவிடுபவரையும் அது வெளியே கொண்டுவரும். களம் இருந்தும் ஒளிபவர் யார் என்பதையும் காட்டிக்கொடுக்கும். பதினெட்டு அகவை நிறைந்து பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றோர் இயக்குநர் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது விதி. பதினோராம் வகுப்பு மாணவர் இரண்டாவது தகுதியை அடைந்துவிட்டார். முதலாவதற்குச் சிறிது காலமே எஞ்சியுள்ளது. அக்காலத்தில் தேர்ந்தவர் ஒருவரின் அருகில் நின்று பழக ஓர் இடம் இருப்பது, இணையத்தில் பொறியை வாங்கித் தாமே மொட்டைமாடியில் சோதிப்பதைவிட எவ்வளவோ மேல்.

கோடை தொடங்குமுன், மலையின் புல் காயும்போது, காட்டுத்தீப் பருவத்தை முன்னிட்டு மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடுகிறது. வெறுங்கையோடு நடந்து செல்பவர்க்கே அப்பருவத்தில் இசைவு இல்லை. எரிபொருளைச் சுமந்து அனலை உமிழ்ந்து பறக்கும் ஊர்திக்கும் அதே நாளிலிருந்து அதே நாள்வரை மலையடிவார ஊர்கள் அனைத்திலும் தடை உண்டு என்று அவ்வறிவிப்பில் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். குரங்கணியிலும் சிலமலையிலும் அவ்வரிக்கு விளக்கவுரை எழுத வேண்டிய தேவை இராது.